வாலில் நாலு விரற்கடை

அக்கா,

நேற்று உங்களால் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கலவரம் நடந்தது. பரணில் கிடந்த என் பழைய தோல் பையைத் தூசி தட்ட எடுத்த என் மனைவி, அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கண்டாள். பிரித்துப் பார்த்தால் ஒரு பிடி மயிர், நடுவில் சிவப்பு நூல் கட்டு. அவ்வளவுதான். பையை முற்றத்தில் வீசிவிட்டு, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று அடுத்த வீடு வரைக்கும் சொல்லியாகிவிட்டது. செய்வினை இல்லை என்று நான் சத்தியம் செய்ததும் கேள்வி வேறு பக்கம் திரும்பியது. எந்தப் பெண்ணின் கூந்தல் இது, இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே என்றாள்.

"பெண்ணுதான். ஆனா நாலு கால் உண்டு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான் அந்தக் கொத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். அயோடின் வாசனையும் தொழுவத்து வாசனையும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. நுனி நல்ல கருப்பு. நடுவில் தேங்காய்ச் சகிரி நாரின் நிறம். அடியில் மறுபடியும் கருப்பு. உங்கள் கருப்பியின் வால்மயிர் அக்கா. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய சிலவற்றை இப்போது எழுதுகிறேன். தாமதமாகத்தான் எதையும் செய்வேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

தொண்ணூறுகளின் நடுவில் திருப்புறம் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு நான் மாற்றலாகி வந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து தினமும் களியக்காவிளையில் பஸ் மாறி வருவேன். முப்பத்தைந்து வயது, பேருக்குப் பின்னால் பட்டம், மூக்கின் மேல் கோபம். ஒரு பசுவைப் பார்த்தால் அதன் வியாதி இன்னதென்று தொழுவத்துக்குள் நுழையுமுன் சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பத்துக்கு எட்டு சரியாகவும் இருந்ததால், மிச்சம் இரண்டைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

உங்களுக்கும் அன்று என் வயதுதான் என்பது எனக்குப் பல வருடம் தெரியாது. கணவர் போன பிறகு நீங்கள் மாடுகளை வைத்தே வீட்டை நடத்தினீர்கள். கருப்பி என்ற கலப்பினப் பசுவும் அதன் மகள் கிடேரியும் உங்களுடையவை. தொழுவத்தில் நின்ற மற்ற மூன்று கிடேரிகள் வாரத்துக்கு வளர்த்தவை. அடுத்தவர் கன்றை வாங்கிக் கண்ணைப் போல வளர்ப்பது, அது முதலில் ஈனுகிற கன்று உடையவருக்கு, அடுத்தது வளர்த்தவருக்கு. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. "அவ கையில விட்டா மாடு தேறும்" என்று ஊர் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் கன்றுகள் உங்கள் முற்றத்துக்கு வந்தன.

அந்த வாக்கியத்தைத்தான் நான் உடைத்தேன்.

கருப்பிக்கு நிறம் மங்குகிறது என்று நீங்கள் முதலில் வந்தது ஆடி மாதம். கருப்பாக இருந்த முதுகு துருப்பிடித்த தகரம் போல் ஆகியிருந்தது. கண்ணைச் சுற்றி வெளுத்து, கண்ணாடி போட்டது போல இருந்தது. சாணம் தண்ணீராகப் போயிற்று, சினையும் நிற்கவில்லை. புழு என்றேன். மருந்து கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தீர்கள். மறுபடி புழு மருந்து. மூன்றாவது தடவை வந்தபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என்ன தீனி போடுகிறாய் என்று அதட்டிக் கேட்டேன். நல்ல புல்லு என்றீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும், அதுவாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

பிறகு ஓணத்துக்கு நாலைந்து நாள் முன்னால், பால் சொசைட்டி வாசலில் தடுப்பூசி முகாம். காலைப் பாலுக்கு வரிசை நின்றது. நீங்கள் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றீர்கள். கருப்பி இன்னும் தேறவில்லை சாரே என்று மெதுவாகத்தான் சொன்னீர்கள். நான் மெதுவாகப் பதில் சொல்லியிருக்கலாம்.

"போட வேண்டியதைப் போடாம கறக்க மட்டும் இருந்தா பசு இப்படித்தான் ஆகும். மருந்து எங்கிட்ட உண்டு, பட்டினிக்கு மருந்து இல்ல" என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் பாலை அளந்து ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்து உதறிக்கொண்டு போனீர்கள். நான் அடுத்த பசுவுக்கு ஊசி போடப் போய்விட்டேன். சொன்னதை மத்தியானத்துக்குள் மறந்தும் விட்டேன். சொன்னவனுக்கு மறந்துபோகும், கேட்டவர்களுக்கு மறக்காது. ஓணம் கழிந்து ஒரு வாரத்துக்குள் மூன்று கிடேரிகளின் உடையவர்களும் வந்து கயிற்றை அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். ஒருவரும் காரணம் சொல்லவில்லையாம். டாக்டர் சொல்லிவிட்ட பிறகு காரணம் எதற்கு?

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான். பசு தேறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் ஒரு நாள், ஆஸ்பத்திரி பூட்டப் போகிற நேரத்தில் வந்தீர்கள். பசு இல்லை, கையில் ஒரு காகிதம் மட்டும். மேசையில் அதை விரித்தீர்கள். உள்ளே இரண்டு கொத்து வால்மயிர், தனித்தனியாக நூல் கட்டி இருந்தது. ஒன்று நுனியில் மட்டும் கருப்பு, மற்றதெல்லாம் சகிரி நிறம். இன்னொன்று நுனி கருப்பு, நடு சகிரி நிறம், அடியில் இரண்டு விரற்கடை புதுக் கருப்பு.

"சாரே, இது தள்ளைக்க வாலு. இது பிள்ளைக்க வாலு" என்றீர்கள். தாய் கருப்பியும் அதன் மகள் கிடேரியும். "பிள்ளைய ஓணம் கழிஞ்ச உடனே தனுவச்சபுரத்தில எனக்க தங்கச்சி வீட்டில கொண்டு கெட்டினேன். ரெண்டுக்கும் ஒரே தவிடு, ஒரே பிண்ணாக்கு, நானே கொண்டு குடுத்தேன். இங்க தள்ளைக்குத் தண்ணிய மாத்திப் பாத்தேன். சானல் தண்ணி, அம்பலத்துக் கிணத்துத் தண்ணி. நிறம் மாறல்ல. புல்லு மாறின பிள்ளைக்கு மட்டும் அடியில கருப்பு வந்தாச்சு. சாரு படிச்ச புத்தகத்தில இதுக்கு ஒரு பேரு உண்டுமா?"

என்ன சொல்வது அக்கா! நான் எரிச்சலில் உளறிய தண்ணீர்க் கதையைக்கூட நீங்கள் தள்ளவில்லை. இரண்டு மாதம் அடுத்த கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து அதைச் சரிபார்த்திருக்கிறீர்கள். மாணவர்கள் நிரம்பி வழிகிற தனுவச்சபுரம் பஸ்ஸில் தவிட்டு மூட்டையோடு வாரம் இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறீர்கள். ஒன்றை மாற்றும்போது மற்றதை மாற்றக் கூடாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்குக் கல்லூரியில் அதைச் சொல்லித் தந்தார்கள். நான் பரீட்சையோடு அதை விட்டுவிட்டேன்.

புத்தகத்தில் பேர் இருந்தது. இரண்டாம் வருட வகுப்பில் ஒரே ஒரு மணி நேரம் கேட்ட பாடம். மாலிப்டினம் என்ற உலோகம் புல்லில் அளவுக்கு மேல் ஏறினால், பசுவின் வயிற்றில் கந்தகத்தோடு கூட்டுச் சேர்ந்து, தீனியில் இருக்கிற செம்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். செம்பு உடம்பில் சேராது. செம்பு இல்லாமல் மயிருக்குக் கருப்பு ஏறாது, சாணம் கட்டாது, சினை நிற்காது. எல்லாம் படித்ததுதான். ஆனால் இது சுண்ணாம்பு மண் உள்ள நாடுகளின் நோய் என்றும், நம் செம்மண் புளித்த அமில மண், இதில் மாலிப்டினம் புல்லுக்கு எட்டாது என்றும் எழுதி, அடியில் கோடும் போட்டு வைத்திருந்தேன். கோடு போட்ட பாடத்தைத் தாண்டி எனக்கு யோசனை போகவில்லை.

எந்தப் புல் என்று கேட்டேன். அப்போதுதான் உங்கள் முகம் மாறியது. அதைச் சொல்லப்பிடாது சாரே என்றீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இது என்ன பிடிவாதம் என்று எனக்கு மறுபடி கோபம் வரப் பார்த்தது. நல்ல வேளை, மேசையில் அந்த இரண்டு கொத்தும் கிடந்தன. வாயை மூடிக்கொண்டேன். பிறகு நீங்களே, "எனக்க வாயால சொல்ல மாட்டேன். சாரு வாறியளா, காட்டித் தாறேன்" என்றீர்கள்.

நீங்கள் முன்னால் நடக்க, நான் ஆஸ்பத்திரிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். சானல் வாய்க்காலின் கரை ஏறி இறங்கியதும் ஒரு பறம்பு நிலத்தின் வேலி வாசலில் நின்றீர்கள். நின்றுகொண்டு, சம்பந்தமே இல்லாமல், எதிர்ப்பக்கத் தென்னையின் மண்டையைப் பார்த்தீர்கள். நான் உள்ளே போனேன். பழைய சுண்ணாம்புச் சூளை. காயலில் வாரிய கக்காச் சிப்பி ஓடுகளை எத்தனையோ வருடம் சுட்டு நீற்றிய இடம். சூளை இடிந்துவிட்டது. ஆனால் காலடியில் மண் வெள்ளையாகக் கிடந்தது. சானல் கசிவில் எப்போதும் ஈரம். சுற்றிலும் வெயிலில் செம்மண் காய்ந்து வெடித்துக் கிடக்க, அந்த ஒரு துண்டு மட்டும் இடுப்பளவு புல்லும் பயிற்றங்கொடியுமாகப் பச்சைப் பசேலென்று நின்றது. எந்த மாட்டுக்காரரும் பொறாமைப்படுகிற புல். சுண்ணாம்பு, ஈரம், பயிற்றங்கொடி என்று பாடத்தில் சொன்ன மூன்றும் ஒரே வேலிக்குள் இருந்தன. என் ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட நடை.

அந்தப் பறம்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். முன்னொரு காலத்தில் அரசாங்கக் கணக்கெழுதிய பிள்ளைமார் குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் நெய்யாற்றின்கரை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உங்கள் கணவர் படுக்கையில் விழுந்தபோது அவரைத் தங்கள் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது அந்த வீடு. அவர் போன பிறகு, சூளைப் பறம்பில் வேறு யாரும் புல்லறுக்கக் கூடாது, இவளுக்கு மட்டும் என்று சொன்னதும் அந்த வீடுதான். அந்தப் புல்லைக் குறை சொல்ல உங்களுக்கு நாக்கு எழவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யப்பிடாது என்றீர்கள். பசுவைப் பட்டினி போடுகிறவள் என்ற பேரை ஓணம் முதல் தை வரை சுமந்தீர்களே தவிர, "புல்லு அவங்க பறம்பிலதான்" என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பிக்கவில்லை. கிடேரிகள் போன கதையும் அன்றுதான், திரும்பி நடக்கும்போது, யாருக்கோ நடந்தது போலச் சொன்னீர்கள். எனக்குச் சைக்கிளில் ஏற மனசு வரவில்லை. ஆஸ்பத்திரி வரை உருட்டிக்கொண்டே போனேன்.

புல்லையும் கருப்பியின் ரத்தத்தையும் எடுத்து, கால்நடைக் கல்லூரியில் இருந்த என் கூட்டாளிக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. புல்லில் செம்பு குறைவில்லை, ஆனால் மாலிப்டினம் மிக அதிகம். ரத்தத்தில் செம்பு மிகக் குறைவு. உங்கள் தொழுவத்துக்கு வந்து இதைப் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தொட்டிக்குள் தவிட்டைக் கலக்கினீர்கள்.

"அப்போ செம்பு இல்லாம இல்ல. உண்டு. அதை ஒருத்தன் விடாமப் பிடிச்சு வச்சிருக்கான். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"சொத்து உண்டு, அனுபவிக்க முடியாது. நெய்யாற்றின்கரை கோர்ட்டில ஸ்டே வாங்கிப் போட்டது போலயாக்கும்" என்றீர்கள்.

பிறகு நான் பயிற்சி முகாம்களில் எத்தனையோ பேருக்கு இந்த விஷயத்தை விளக்கியிருக்கிறேன். ஸ்டே என்று சொன்னதும் நம் ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடும். பக்கத்து வீட்டோடு வரப்புக்கு வழக்கு நடத்தாதவர் யார் இருக்கிறார்கள்? உங்கள் பேரைச் சொல்லாமலேயே அந்த உவமையை இருபது வருடம் என்னுடையதாக ஓட்டினேன். அதற்கும் சேர்த்து ஒரு நன்றி.

புல்லை நிறுத்திவிட வேண்டும் என்றேன் நான். டாக்டர்களுக்கு அது ஒன்றுதான் தெரியும், நிறுத்து அல்லது கொடு. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் அந்த வீட்டு மனசு நோகும், முழுக்கப் போட்டால் பசு நோகும் என்றீர்கள். ஒரு கட்டு சூளைப் புல்லுக்கு இரண்டு கட்டு வைக்கோலும் கரைப்புல்லும் கலந்தால் ஆகாதா என்று கேட்டீர்கள். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆகும் என்றேன். ஆகும் என்பது மட்டுமல்ல, என் கூட்டாளியும் பிறகு எழுதிய கடிதத்தில் அதையேதான் சொல்லியிருந்தான். கலப்போடு, கொஞ்சம் துருசும் நான் பொட்டலம் கட்டித் தந்தேன். செம்பு உப்புதான் அது.

பெரியவரிடம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டார். தன் பறம்பில் குறை என்றால் அதை எழுத்தில் தர வேண்டும் என்றார். புல்லில் குறை ஒன்றுமில்லை, வளம் கூடியதால் கலந்து கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். தேதி போடச் சொன்னார். துளை போட்டு ஒரு கோப்பில் வைத்துக் கட்டினார். வாசல் வரை வந்தபோதுதான் கோப்பு முகம் கழன்றது. "அந்தப் பிள்ளை இத்தனை நாள் நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே" என்றார். கண் நிறைந்திருந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கருப்பிக்கு ஒரு மாதத்தில் சாணம் கட்டியது. பங்குனியில் கண்ணைச் சுற்றி இருந்த வெளுப்பு குறைந்தது. சித்திரையில் சினைப்பருவத்துக்கு வந்தது. சினை ஊசி போட்டேன். மூன்று வாரம் கழிந்தும் பருவம் திரும்பவில்லை, சினை நின்றுவிட்டது. அன்று உங்களைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறேன். அடுத்த நாள் காலையில் பால் சொசைட்டிக்குப் போனேன். முகாம் இல்லை, வேலை இல்லை, அதற்காகவே முதல் பஸ்ஸில் வந்தேன். அதே வரிசை. நீங்கள் நடுவில் நின்றீர்கள்.

இவர்கள் பசுவைப் பட்டினி போடவில்லை, எனக்குத்தான் நோய் தெரியவில்லை, கண்டுபிடித்தது இவர்கள்தான் என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். வரிசை என்னைப் பார்த்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

"போதும் சாரே. பாலு பிரிஞ்சு போவும், வரிசை நகரட்டு" என்றீர்கள்.

பாலை ஊற்றிவிட்டு வரும்போது மாமரத்தடியில் நின்று முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தீர்கள். காற்று நிறைந்திருந்த சைக்கிள் டயரை நான் குனிந்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ஒரு கிடேரி திரும்பி வந்தது. கொண்டுபோனவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல, இதை இங்கேயே கெட்டட்டா என்று கேட்டாராம். கெட்டு மக்கா என்றீர்களாம். மற்ற இரண்டும் வைகாசிக்குள் வந்துவிட்டன.

போன பேர் திரும்பி வந்த அந்த நேரத்தில் நீங்கள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உங்கள் மேல் மரியாதை கூடுகிறது. கருப்பியைத் தேற்றிய மருந்து என்ன என்று ஊரே கேட்டது. நம் பக்கத்தில் ரப்பர் வைத்தவர் வீட்டில் எல்லாம் மரத்துக்கு அடிக்கத் துருசு டப்பா இருக்கும். பேர் தெரிந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு கரண்டி எடுத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். மருந்தடித்த ரப்பருக்குக் கீழே மேய்கிற ஆட்டுக்கு ஏற்கெனவே செம்பு அதிகம், இன்னும் சேர்ந்தால் ஈரலில் தங்கி ஒரு நாள் பட்டென்று கொன்றுவிடும் என்று நான் உங்களிடம் ஒரு தடவைதான் சொன்னேன். நீங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் விரலில் நீலக்கறை பார்த்துவிட்டு ஆட்டுக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். மருந்து சாருக்க கையிலதான், எனக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டீர்கள். தன் மாடு தேறியதும் அவளுக்குக் கெப்பரு, தலைக்கனம் வந்துவிட்டது என்றார் அவர். கிடேரிகள் திரும்பி வந்துகொண்டிருக்கிற நேரத்தில் உங்களுக்கு இன்னொரு கெட்ட பேரா என்று நான்தான் பதறினேன்.

"குறைஞ்சதுக்கு உள்ள மருந்து அது. குறையாத ஆட்டுக்குக் குடுத்தா சாவும். பேரு போனா திரும்பி வரும் சாரே, நாமதான் கண்டாச்சே" என்றீர்கள்.

ஒரு ஆடும் சாகவில்லை. சாகாத ஆட்டுக்கு யார் நன்றி சொல்வார்கள்? அதனால் நான் சொல்கிறேன்.

இந்தப் பொட்டலத்தை நீங்கள் தந்தது அதற்கடுத்த ஆவணியில். எனக்கு மாற்றல் வந்திருந்தது. கருப்பி நாலு மாதச் சினையாக நின்றது. வாலிலிருந்து ஒரு பிடி அறுத்து, சிவப்பு நூல் கட்டி, சகிரி நிறத்தின் மேல் உங்கள் விரல்களைக் குறுக்கே வைத்துக் காட்டினீர்கள். சரியாக நாலு விரற்கடை.

"ரெண்டு விரலு நான் சொல்லாதது. ரெண்டு விரலு சாரு கேக்காதது. பாதிப் பாதியாக்கும்" என்றீர்கள்.

அன்று எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பாதிப் பழியை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள், மிச்சப் பாதி அவ்வளவு கனமில்லை. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ தொழுவம். எங்கே போனாலும் பசுவைத் தொடுமுன், புல் எந்தப் பறம்பிலிருந்து வருகிறது என்று கேட்பேன். அதுவும் நின்றுகொண்டு கேட்க மாட்டேன். தொழுவத்தில் எங்காவது உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்பேன். என் உதவியாளர்கள் கேலி செய்வார்கள், சாருக்குத் தாகம் எடுத்தால்தான் வைத்தியம் வரும் என்று. இருக்கட்டும். எழுந்து போகிற நேரத்தில்தான் பலபேர் உண்மையைச் சொல்கிறார்கள் என்பது உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

போன மாதம் உங்கள் பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் கால் தானாகத் தொழுவத்துக்குப் போய்விட்டது. கருப்பியின் வம்சம்தானாம், இரண்டு கருப்புப் பசுக்கள் நின்றன. கையைக் கழுவிய ஈரத்தோடு ஒன்றின் வாலைத் தூக்கிப் பிரித்துப் பார்த்தேன். நுனியிலிருந்து அடி வரை ஒரே கருப்பு. உங்கள் மகள் பின்னால் வந்து நின்றிருந்தாள். படுக்கையில் கிடந்த நாளிலும் அம்மை, ஒரு கட்டு சூளைப் புல்லு, ரெண்டு கட்டு வைக்கோலு என்று தினமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வாள் என்றாள். அந்தப் பெரியவரும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அந்த வீட்டுப் புல்லை நீங்கள் கடைசி வரை விடவில்லை.

நேற்று இதையெல்லாம் என் மனைவியிடம் சொன்னேன். செய்வினை பயம் போய்விட்டது. பொட்டலத்தை வாங்கி, தன் விரல்களைக் குறுக்கே வைத்து அளந்து பார்த்தாள். பிறகு, அதட்டிக் கேட்கிறவரிடம் அந்த அம்மா எப்படிச் சொல்வாள் என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் மயிர்க்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வருடம் இரண்டு விரல் பழியைத்தான் நான் சுமந்தேன், அதுவும் நீங்கள் விட்டுக்கொடுத்த அளவு. உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அக்கா, புல்லு எங்கேயிருந்து என்று அந்த ஆடியிலேயே கேட்டிருந்தால் நீங்கள் வாயால் சொல்லியிருக்க மாட்டீர்கள்தான். ஆனால் அன்றைக்கே என்னைச் சானல்கரைக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள்.

நாலு விரலும் என்னுடையது அக்கா. உங்கள் இரண்டையும் இன்று நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.